நாற்பத்தாறு ஓம்

காலை ஆறு பத்துக்குப் பூவராகனின் இரண்டாவது வெள்ளைச் சட்டை கருகியது.

முதல் சட்டையைக் கருக்கியவள் அவர் மனைவி மகேஸ்வரி, போன ஞாயிற்றுக்கிழமை.

"கரண்ட் ஜாஸ்தியா வருதுங்க" என்றாள்.

"வோல்டேஜ்னு சொல்லணும். அது எப்பவும் இருநூத்தி முப்பது. நம்ம அயன்பாக்ஸ் அஞ்சு ஆம்பியர். வகுத்தா நாப்பத்தாறு ஓம். பெருக்குனா ஆயிரத்து நூத்தம்பது வாட். இதுல சட்டை கருகாது. கவனம் இல்லன்னாதான் கருகும். ஓம் விதின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

அவர் கடலூரில் இருபத்தாறு வருடமாக இயற்பியல் ஆசிரியர். மறுநாள் அவள் சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

இன்று அங்கே அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். "நீங்க வந்து கூப்பிட்டா வரேன். இல்லன்னா இங்கயே இருந்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். போய்க் கூப்பிட ஒரு நல்ல சட்டை வேண்டும்.

பூவராகன் மூன்றாவது வெள்ளைச் சட்டையை எடுத்தார். சூடு என்பது வாட் பெருக்கல் நேரம். நேரத்தைக் குறைத்தார். காலர் கருகியது.

போன் அடித்தது.

"கிளம்பிட்டீங்களா?"

"அயன் பண்ணிட்டிருக்கேன்."

"பாத்துங்க. கரண்ட் ஜாஸ்தியா வரும்."

"வோல்டேஜ்னு சொல்லு."

மகேஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

அலமாரியில் மல்டிமீட்டர் இருந்தது. இருநூற்று முப்பதை அளந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எல்லாக் கணக்கிலும் அது முதல் வரியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும்.

மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டம் குறையும். பழைய குண்டு பல்பு ஒன்றை அயன்பாக்ஸுடன் தொடராக இணைத்தார். அயன்பாக்ஸ் சூடாகவே இல்லை. பல்பு கண் கூசும்படி எரிந்து, கடைசி வெள்ளைச் சட்டையின் மேல் வெடித்தது. ஃபியூஸ் போயிற்று. ஃபேன் நின்றது. கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இந்த வேலையை வீட்டில் அவர் இதற்குமுன் செய்ததில்லை.

எட்டு மணிக்கு லைன்மேன் தங்கராசு வாசலில் நின்றார்.

"வோல்டேஜ் கம்ப்ளைண்ட் இந்த வீடுதானே சார்?"

"நான் எதுவும் குடுக்கலயே."

தங்கராசு பூவராகன் கையிலிருந்த கருகிய சட்டையைப் பார்த்துவிட்டு, மீட்டர் பெட்டியில் தன் கருவியை வைத்து அளந்தார். "இருநூத்தி எழுபத்தாறு. கம்பத்துல நியூட்ரல் கம்பி லூஸ் ஆயிருக்கும், அதான் வோல்டேஜ் ஏறுது. இதுல சட்டையா, தோசைக்கல்லே கருகும் சார்."

கம்பத்தில் ஏறினார். கால் மணி நேரத்தில் இறங்கினார். ஃபியூஸைப் போட்டார். ஃபேன் நிதானமாகச் சுற்றியது.

"நீங்க குடுக்கலன்னா இது யாரு சார்? நேத்து சாயங்காலம் சிதம்பரத்துலேர்ந்து வந்துது." செல்போனை நீட்டினார்.

கோடு போட்ட தாளின் படம். மகேஸ்வரியின் கையெழுத்து. அவள் சட்டை கருகுவதற்கு முந்தைய வாரம் முழுக்க, இந்த வீட்டு மல்டிமீட்டரை வைத்துக் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் அளந்த வோல்டேஜ். கீழே: 276 ÷ 46 = 6 ஆம்பியர். 276 × 6 = 1656 வாட். 'இருக்க வேண்டியது 1150. அவர் நாளை கையைச் சுட்டுக்கொள்வதற்குள் வந்து பார்க்கவும்.'

பூவராகன் வழக்கம்போல் தப்பைத் தேடினார். இரண்டு முறை பார்த்தார். அலகுகூட விட்டுப்போகவில்லை.

தங்கராசு கையுறையைக் கழற்றினார்.

"சர்வீஸ்ல இந்த மாதிரி ஒரு கம்ப்ளைண்ட் நான் பாத்ததில்ல சார். அந்த பிசிக்ஸ் டீச்சரம்மா வீட்ல இருக்காங்களா?"