வெள்ளையம்மா வாசல் சருகு

ஒரு காட்டில் பங்குனி மாதம் மரங்கள் எல்லாம் சொல்லி வைத்த மாதிரி இலையைக் கொட்டின. அங்கே வெள்ளையம்மா என்ற முள்ளம்பன்றி இரண்டு கைக்குழந்தைகளோடு இருந்தாள். ஒன்று தூங்கினால் இன்னொன்று எழுந்துகொள்ளும். வாசல் பெருக்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. வாசலில் இருந்த பூசணிக்கொடியைச் சுற்றிச் சருகு முழங்கால் அளவு கிடந்தது.

பக்கத்து வீட்டுக் காட்டுக்கோழி சிவகாமி, விடியும்போதே காலால் கிளறித் தன் வாசலைத் துடைத்து வைத்துவிடுவாள்.

"ஏண்டி, இது வீடா குப்பைமேடா? உன் முதுகிலயே நாலு சருகு குத்திக்கிட்டு நிக்குது பாரு."

"நாளைக்குப் பெருக்கிடறேன் அக்கா."

"இதையேதான் மாசியிலயும் சொன்ன."

வாசல் பெருக்காத வீட்டுக்குக் குளத்துத் தண்ணீர் கிடையாது. அது அந்தக் காட்டுச் சட்டம். தண்ணீர் நின்றால் பூசணி காய்ந்துபோகும். பிள்ளைகள் பால் மறந்தால் கொடுக்க அவளிடம் வேறு எதுவும் இல்லை.

சிவகாமி புகார் எழுதிப் போட்டாள். மறுநாளே கொக்கு அதிகாரி படிவத்தோடு வந்தார்.

"பேர் சொல்லும்மா. தண்ணியை நிறுத்தணும்" என்று சருகில் கால் வைத்தார். கால் ஜில்லென்றது. அலகை விட்டுப் பார்த்தார். உள்ளே மண் ஈரமாக இருந்தது. இரண்டு புழுவும் கிடைத்தது. அதை விழுங்கிவிட்டு, சிவகாமி வாசலில் சுருண்டு கிடந்த அவரைக்கொடியைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி விடறே?" என்று வெள்ளையம்மாவைக் கேட்டார்.

"நாலு நாளைக்கு ஒரு குடம் சார்."

"அட, இது மூடாக்கு! மண்ணு ஈரம் காயாம சருகால மூடி வைக்கிறது. தெரிஞ்சுதான் போட்டியா?"

உள்ளே குழந்தை வீறிட்டது. "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கொக்கு 'குப்பை' என்பதை அடித்துவிட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்த மூடாக்கு' என்று எழுதினார். "வெள்ளிக்கிழமை யானைத் தலைவர் வந்து பட்டயம் தருவார். அப்புறம் வாராவாரம் நீதான் எல்லாருக்கும் வகுப்பு எடுக்கணும். சருகு எத்தனை விரல் உயரம்னு தினமும் அளந்து நோட்டுல எழுதணும்" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளையம்மாவுக்குத் தலை சுற்றியது. நாலு பேர் எதிரில் அவளுக்கு வாயே வராது. தூங்கவே நேரமில்லை, இதில் நோட்டு வேறா?

சிவகாமிக்கு வயிறு எரிந்தது. "குப்பைக்காரிக்குப் பட்டயமாம்!"

வெள்ளிக்கிழமை காலையில் வந்து, சருகையெல்லாம் தன் வாசலுக்குக் கிளறித் தள்ளினாள். பூசணித் தண்டின் சுணைமுள் காலில் குத்தியதால் கொடியின் அடியில் கிடந்ததை மட்டும் விட்டுவிட்டாள். குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே வெள்ளையம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். இருமல் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

யானை வந்தார். சருகு இருந்த வாசலுக்குப் பட்டயம் கொடுத்தார். தலைவர் கொடுத்ததை மறுக்க முடியாமல் கொக்கு நோட்டையும் சிவகாமியிடம் நீட்டினார். பிறகு வெள்ளையம்மா வாசலைப் பார்த்து, "பெருக்கியிருக்கு. தண்ணி உண்டு" என்று படிவத்தில் குறித்துக்கொண்டார்.

வெள்ளையம்மா பிள்ளைகளை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் சிவகாமி, வகுப்புக்கு வந்த நாற்பது குரங்குகளிடம் கத்திக்கொண்டிருந்தாள்: "டேய், அளக்கிற குச்சியை வாயில வைக்காதீங்கடா!"

நீதி: செய்ய முடியாத வேலைக்கு ஒரு நல்ல பெயர் வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரியே திருட்டுத்தனமாக வந்து அதைச் செய்து கொடுத்துவிட்டுப் போவாள்.