ஆறாம் மாடியில் பாரபட்சம் ஒழிந்த விதம்

மனித குலத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பிடித்து ஆட்டிய பாரபட்சம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தொடங்கிய கூட்டத்தில் அடியோடு ஒழிக்கப்பட்டது. பன்னிரண்டு மணிக்கு அதே அறையில் வேறொரு கூட்டம் இருந்ததால் வேலையை அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டியிருந்தது. இருபத்தெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். மீதி இரண்டு நிமிடத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த அரும்பணியைச் செய்தவர்கள் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் பங்குதாரர்கள் ஐவர். புதுக் கம்பெனிகள் முளைவிடும்போதே பணத்தை ஊற்றி, அவை மரமான பிறகு பங்கு பறிப்பது அவர்கள் தொழில். ஐவரும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி, ஒரே மெஸ். அதுவரை அவர்கள் பணம் போட்ட நாற்பது கம்பெனிகளைத் தொடங்கியவர்களும் அதே கல்லூரிதான். அதற்காக எல்லாரும் ஒரே மாதிரி என்று சொன்னால் அது அபாண்டம். பதினோரு பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஒருவர் இடதுகைக்காரர்.

"பெண்கள், உழைப்பாளிகள், இதுவரை யாரும் திரும்பிப் பார்க்காதவர்கள் அனைவருக்கும் நம் கதவு இனி திறந்தே இருக்கும்" என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தக் கதவுக்கு விரல்ரேகைப் பூட்டு போட்டிருந்தார்கள். ஆனால் பூட்டு நிர்வாகப் பிரிவின் பொறுப்பு, கொள்கையைச் சேர்ந்தது அல்ல.

தீர்மானத்துக்குப் பிறகு அந்தக் கதவு வழியாக முதலில் உள்ளே போனவர் ஒரு வேன் ஓட்டுநர். அவரை யாரும் அழைக்கவில்லை. அழைக்கப்பட்டவர் அவருடைய மனைவி. ஓட்டுநர் குக்கர் தூக்கிக்கொண்டு கூடப் போனார்.

மனைவி, ஆபரேஷன் கத்தி கத்தரிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் மெஷின்களைப் பதினாறு வருடமாகப் பழுது பார்ப்பவர். ஆஸ்பத்திரி நர்சுகள் அவரை 'மெஷின் அக்கா' என்று கூப்பிடுவார்கள். மூடிய பெட்டிக்குள் ஆவி எல்லா மூலைக்கும் போனதா என்பது பல நேரம் மெஷினுக்கே தெரியாது. வெளியே பச்சை விளக்கு ஜம்மென்று எரியும், உள்ளே ஒரு கத்தரி அரைவேக்காடாகக் கிடக்கும். ஒரு பிரசவ வார்டில் அப்படிப்பட்ட பச்சை விளக்கை நம்பி, நான்கு தாய்மார்களுக்குத் தையல் சீழ் பிடித்ததை மெஷின் அக்கா நேரில் பார்த்தார். அதன் பிறகு இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு தீப்பெட்டி அளவில் ஒரு கருவி செய்தார். பெட்டிக்குள் கத்தரியோடு கத்தரியாக அதைப் போட்டுவிட்டால் ஆவி வந்ததா, எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். மூன்று ஆஸ்பத்திரிகள் கேட்டு வாங்கி வைத்திருந்தன. இன்னும் பல நூறு செய்ய, கருவியின் கூட்டை வார்க்கும் அச்சு வேண்டும், சோதனைச் சான்றிதழ் வேண்டும். அதற்குத்தான் ஆறாம் மாடி.

ஆஸ்பத்திரி மெஷினை லிஃப்டில் ஏற்ற முடியாது. அதனால் செய்து காட்ட ஒரு பிரஷர் குக்கர்.

குக்கரைப் பார்த்ததுமே தாடி வைத்த பங்குதாரருக்கு முகம் மலர்ந்தது. "வீட்டுச் சாப்பாடு டெலிவரியா மேடம்? பெண்களுக்கு ரொம்பப் பொருத்தமான துறை!"

"இல்ல சார். ஆபரேஷன் கத்தரிங்க" என்று மெஷின் அக்கா மூடியைத் திறந்து காட்டினார். மலர்ந்த முகம் மறுபடி மொட்டானது.

கையோடு கொண்டுபோன மின்னடுப்பில் குக்கர் மூன்று விசில் அடித்தது. "மூணு விசில் வந்தா வெந்துடுச்சுன்னு நம்பறோம் இல்லையா? இந்தக் கருவி இல்லேங்குது, பாருங்க" என்று அவர் கருவியை வெளியே எடுத்துச் சிவப்பு விளக்கைக் காட்டினார். ஒரு கத்தரியையும் கருவியையும் வேண்டுமென்றே இறுக்கி மூடிய டப்பாவுக்குள் வைத்திருந்தார். உள்ளே ஆவி வராததைக் கருவி காட்டிக்கொடுத்துவிட்டது. ஐவரும் மிகுந்த கவனத்தோடு தங்கள் போன்களைப் பார்த்தார்கள். பிறகு கேள்விகள் தொடங்கின.

"இது ஓடலேன்னா என்ன பண்ணுவீங்க மேடம்?"

"ஓடுது சார். மூணு ஆஸ்பத்திரியில ஓடுது."

"நீங்க வேலையில இறங்கிட்டா குழந்தைய யார் பாத்துப்பாங்க?"

"ஹாஸ்டல் வார்டன் சார். அவளுக்கு வயசு பத்தொன்பது."

"போட்டிக்கு ஆள் வந்துட்டா பயமா இருக்காதா?"

"பதினாறு வருஷமா நூத்திமுப்பத்திநாலு டிகிரி ஆவி பக்கத்துல நிக்கறேன் சார்."

இதற்கு என்ன குறிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. தாடிக்காரர் பார்வையைத் திருப்பினார். கதவோரம் குக்கர் மூடியைக் கையில் பிடித்தபடி ஓட்டுநர் நின்றிருந்தார். அறையில் ஒரு நிம்மதி பரவியது.

"சார், நீங்க இதை எவ்வளவு பெரிசாப் பாக்கறீங்க?"

ஓட்டுநர் இரண்டு விரலால் அளவு காட்டினார். "தீப்பெட்டி அளவுதான் சார். இதுக்கு மேல பெரிசு பண்ணா பெட்டிக்குள்ள போகாது."

'வாய்ச்சவடால் இல்லாதவர்' என்று ஒருவர் குறித்துக்கொண்டார்.

"சரி, ஓட்டிட்டிருக்கறது யாரு?" கம்பெனியை என்று அவர் சொல்லவில்லை. அந்த மாடியில் அதைச் சொல்லும் வழக்கம் இல்லை.

"நான்தான் சார். இருபத்திரண்டு வருஷமா."

"இருபத்திரண்டு வருஷமா!"

"ஒரு ஆக்சிடென்ட் கிடையாது சார்."

"ரிஸ்க் மேனேஜ்மென்ட்" என்றார் மூன்றாமவர், தழுதழுத்த குரலில்.

"அடுத்து எந்தப் பக்கம் போறதா இருக்கீங்க?"

"எல்லாரும் மெயின் ரோட்டுல போய் மாட்டிக்குவாங்க சார். நான் பாலத்துக்குக் கீழ திரும்பிடுவேன்."

ஐந்து பேனாக்கள் ஒரே நேரத்தில் ஓடின. மெஷின் அக்கா குறுக்கிட்டார். "சார், அவரு வேனைச் சொல்றாரு."

ஐவரும் அவரை அன்போடு பார்த்தார்கள். "அவரைக் கொஞ்சம் பேச விடுங்க மேடம்."

திரும்பிப் போகும்போது வேனில் மெஷின் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஓட்டுநரும் சிரித்தார். கொஞ்சம் கம்மியாக.

வெள்ளிக்கிழமை, பணம் போடச் சம்மதம், நேரில் வரவும் என்று ஆறாம் மாடியிலிருந்து கடிதம் வந்தது. 'மதிப்பிற்குரிய நிறுவனர் அவர்களுக்கு' என்று தொடங்கி, கீழே ஓட்டுநரின் பெயர். மெஷின் அக்கா இரண்டு முறை படித்தார். "செஞ்சது நான்தான்னு நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. நான் சொன்னா அவங்க காதுல விழாது."

"அதுக்கென்ன, சொல்லிட்டா போச்சு" என்றார் ஓட்டுநர். சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

சொல்லத்தான் போனார். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அங்கே ஒரு நாற்காலி இருந்தது. சுழலும், சாயும், உட்கார்ந்தவரின் முதுகை விசாரிக்கும். கண்ணாடிக் கோப்பையில் காப்பி வந்தது. "சந்தையைப் பத்தி உங்க கருத்து என்ன சார்?" என்று ஐந்து பேர் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. வழக்கமாக வரும் கேள்விகள் இரண்டுதான்: "வந்தாச்சா?", "ஏன் லேட்?". ஓட்டுநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காய்கறிச் சந்தையில் வண்டி நிறுத்த இடமில்லாததைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். யாரும் குறுக்கே பேசவில்லை. அப்படி ஒரு சுகம் அவர் அதுவரை அறியாதது.

கடைசியாக ஒரு பெண் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். அவர் அந்த நிறுவனத்தின் பன்முகத்தன்மை அலுவலர், அதாவது எல்லா வகை மனிதருக்கும் இடம் கிடைக்கிறதா என்று பார்ப்பவர். அந்த மாடியில் இருந்த ஒரே பெண் என்பதால், அந்தப் பதவிக்குத் தேவையான தகுதி அவரிடம் மட்டுமே இருந்தது.

"இதுல ஒரு கட்டத்துல மட்டும்தான் டிக் போடணும் சார். 'பெண் நிறுவனர்'னு போட்டா ஆறு மாசம் தன்னம்பிக்கைப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு துணிப்பை. 'வேர்நிலை உழைப்பாளி'ன்னு போட்டா காசோலை."

"ரெண்டும் போட முடியாதாம்மா?"

"கம்ப்யூட்டர் ஏத்துக்காது சார்." பிறகு அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செஞ்சது அவங்கதானே? அன்னைக்கு நானும் ரூம்ல இருந்தேன். ஒரே ஒரு வரி உங்க வாயால சொல்லிடுங்க சார், எழுதிக்கறேன். நானா எழுதினா செல்லாது."

ஓட்டுநர் கோப்பையில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்தார். "எல்லாமே அவளுக்காகத்தாம்மா. முதல்ல பணம் வரட்டும்."

அலுவலர் 'வேர்நிலை உழைப்பாளி' கட்டத்தில் டிக் போட்டார்.

அன்று மாலை ஒப்பந்தம் சாப்பாட்டு மேசைமேல் வந்து உட்கார்ந்தது. நிறுவனர் என்ற இடத்தில் ஓட்டுநர் இருந்தார். மெஷின் அக்கா எங்கே என்று தேடினால், நான்காம் பக்கத்தில் 'நிறுவனரின் குடும்ப ஆதரவு' என்ற தலைப்பின் கீழ் கிடந்தார்.

"இது என்னங்க?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. பேரு யாருதா இருந்தா என்ன?"

"அப்ப என் பேரு இருந்தா என்ன?"

"உன் பேருன்னா பைதான் தருவாங்களாம். என் பேருன்னா பணம். வந்ததும் எல்லாம் உன்னோடதுதானே?"

"நான்தான் செஞ்சேன்னு சொன்னீங்களா?"

"சந்தர்ப்பம் அமையல."

"எவ்வளவு நேரம் அங்க இருந்தீங்க?"

ஓட்டுநர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "மூணு மணி நேரம்."

சத்தம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பார், பதில்கூடத் தயாராக வைத்திருந்தார். சத்தம் வரவில்லை. மெஷின் அக்கா ஒப்பந்தத்தை மடித்து அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, கருவியைத் துடைத்துப் பையில் போட்டார். மறுநாள் காலை, "வேன்ல கொண்டு விடவா?" என்று ஓட்டுநர் கேட்டதற்கு, "பஸ் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் போய் நின்ற ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டர் தலைமை நர்ஸ் அவரைக் கையோடு கணக்குப் பிரிவுக்கு இழுத்துப் போனார். "இது இல்லாம இனி ஒரு கத்தரியக்கூட நான் டாக்டர் கையில குடுக்க மாட்டேன். நாற்பது கருவிக்கு இப்பவே அட்வான்ஸ் எழுதுங்க" என்று மேசையைத் தட்டினார். எழுதினார்கள். அந்தப் பணத்தில் மெஷின் அக்கா ஒரு பழைய லேத் பட்டறையின் பாதியை வாடகைக்குப் பிடித்து, கம்பெனியைத் தன் பெயரில் பதிவு செய்தார். அச்சுக்கு இன்னும் பணம் போதவில்லை. ஒவ்வொன்றையும் கையால் செய்தார்.

இங்கே ஓட்டுநர் ஆறாம் மாடிக்குப் போன் செய்தார். "சார், மன்னிக்கணும். கருவி நம்மகிட்ட இல்ல. அவ எடுத்துட்டுப் போயிட்டா."

"அதனால என்ன சார்?" என்றார் தாடிக்காரர். "நாங்க கருவி மேல பணம் போடறதில்ல. மனுஷங்க மேலதான் போடறோம்."

"அப்ப கம்பெனி என்ன செய்யும் சார்?"

"திசை மாறும்."

கம்பெனி திசை மாறியது. பெண்கள் தொழில் தொடங்கத் துணிச்சல் ஊட்டும் 'எழுந்திரு பெண்ணே' என்ற செயலி பிறந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு அது பெண்களின் போனுக்கு 'உன்னால் முடியும்' என்று சேதி அனுப்பும். ஆள் எண்ணிக்கையில் ஒன்று கூடட்டுமே என்று ஓட்டுநர் அதை மனைவியின் போனிலும் போட்டுக்கொடுத்தார். ஐந்து மணிக்கே எழுந்து கருவிகளுக்குக் கம்பி பற்றவைக்கும் மெஷின் அக்கா, ஏழு மணிக்குத் தன்னால் முடியும் என்று தினமும் தெரிந்துகொண்டார்.

நிறுவனத்தின் ஆண்டறிக்கை பளபளவென்று வந்தது. 'பெண்களுக்கான முதலீடு சொல்லில் அடங்காத அளவு உயர்ந்துள்ளது' என்றது. முந்தைய வருடம் பூஜ்யம் என்பதால் உயர்வைச் சதவீதத்தில் சொல்லக் கணக்காளருக்குத் தெரியவில்லை. பன்முகத்தன்மை அலுவலர் அறிக்கையை அச்சுக்கு அனுப்பிவிட்டு வேலையை விட்டார். இப்போது லேத் பட்டறையில் சோதனைச் சான்றிதழுக்கான படிவங்களை நிரப்புகிறார். அவர் இடத்தில் ஆறாம் மாடி ஒரு ஆணை நியமித்தது. அந்தப் பதவியில் அதுவரை ஆண் யாரும் இருந்ததில்லை. அதுவும் பன்முகத்தன்மைதான்.

ஓட்டுநர் வேனை விற்றுவிட்டார். அவருக்கு ஒரு கார் வந்தது, காருக்கு ஒரு ஓட்டுநரும் வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, திருப்பங்களில் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. முதல் வாரம் டிரைவரிடம் குடும்பத்தைப் பற்றியெல்லாம் விசாரித்தார். இரண்டாவது வாரத்திலிருந்து, "ஏன் லேட்?"

போன மாதம் பெண் தொழில்முனைவோர் மாநாட்டில் சிறப்புரை ஆற்ற அவரை அழைத்திருந்தார்கள். போய்விட்டு ஒரு கண்ணாடிக் கேடயத்தோடு திரும்பினார். மெஷின் அக்கா மேசை விளக்கடியில், பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கருவியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"எப்படிங்க இருந்தது?" என்றார், தலையைத் தூக்காமல்.

"நல்லாப் போச்சு." ஓட்டுநர் கேடயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். "பொண்ணுங்க ஏன் இந்தத் துறைக்கு வர்றதில்லைன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"தைரியம் பத்தலைன்னு..." குரல் தேய்ந்தது. "வாயில வந்துடுச்சு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"பொம்பளைங்களுமா?"

ஓட்டுநர் யோசித்தார். அந்தப் பெரிய ஹாலை வரிசை வரிசையாக மனதுக்குள் தேடிப் பார்த்தார்.

"ரெண்டு பேரு இருந்தாங்க. அவங்க தட்டல."

"ஏன், கோவமா?"

"இல்ல" என்றார் ஓட்டுநர். "கையில காப்பித் தட்டு இருந்தது."