அரை மூட்டை தெரியாத அண்ணாச்சி

நான்கு பேருக்குச் சமைக்கத் தெரியாத சமையல்காரர் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் மலையில் அவரை ‘ஆயிரம்பேர் அண்ணாச்சி’ என்பார்கள். ஞானஸ்நானத்தின்போது அவருக்கும் நல்லதாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது என்னவென்று அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

எழுபதுகளில் நான் கேரள மலையில் வண்டன்மேட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் தமிழ் டீச்சராக இருந்தேன். லயங்களில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், குடியிருந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வரும்போது சட்டி பானையோடு ஒரு சபையையும் கொண்டுவந்திருந்தார்கள், சபையோடு அசனத்தையும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோயில் பண்டிகை முடிந்ததும் சபையார் அத்தனை பேரும் பந்தி பந்தியாகத் தரையில் உட்கார்ந்து ஒரே உலைச் சோற்றைச் சாப்பிடுவதுதான் அசனம். எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில் மாதிரி ஒன்று, ஆனால் மாதா இருக்கமாட்டார்.

அண்ணாச்சி இளவயதில் ஊர்ப்பக்கத்துப் பெரிய கோயில்களில் அசனத்துக்குச் சமைத்துப் பழகியவர். படித்ததே ஆயிரம் பேர் அளவில். அதற்குக் கீழே அவருக்குக் கை வராது. வருஷம் முழுக்க ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுவார். அசனத்தன்று மட்டும் ராஜா. சுற்றுவட்டார எஸ்டேட்டுகளிலிருந்து அன்றைக்கு ஜனம் வந்துவிடும் என்பதால் அவர் அளவு அப்படியொன்றும் வீணாகாது.

மற்ற நாட்களில்தான் ஆபத்து. எனக்கு ஒருமுறை காய்ச்சல். அண்ணாச்சி மனைவியை நாங்கள் மதினி என்போம். அவர் அன்றைக்கு ஊரில் இல்லை. “டீச்சருக்குக் கஞ்சி நான் வச்சித் தாரேன்” என்று இவர் கிளம்பிவிட்டார். கஞ்சி வந்தது. அண்டாவைக் கம்பில் கோத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“அண்ணாச்சி, இம்புட்டும் யாருக்கு?”

“நீங்க குடிச்சது போவ மிச்சத்த லயத்துக்குக் குடுத்துருங்க டீச்சர். காச்ச யாருக்கும் வரும்லா?”

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்போம். மாதம் ஒருமுறை மலையேறி வரும் ஐயருக்கு இவர் ஒரு தடவை டீ போட்டுக் கொடுத்தார். சீனியைக் கரண்டியால் போடுகிற வழக்கமே கிடையாது, கையால் அள்ளித்தான். ஐயர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஜெபிக்கிறார் என்று நினைத்து நாங்களும் மூடினோம். மதினியோ வீட்டு அடுப்பங்கரையில் அவரைக் கால் வைக்கவே விட்டதில்லை. “இந்த மனுஷன் ஒருநா ரசம் வச்சாரு டீச்சர். ஒரு வாரம் அதுலயே மூஞ்சி கழுவுனோம்” என்பார்.

ஒரு வருஷம் ஆடி மழை விடவே இல்லை. ஒரு நாள் காலையில் மேல்மலை அப்படியே இடிந்து ஓடையோடு சேர்ந்து இறங்கியது. மலையாளத்தில் உருள்பொட்டல் என்பார்கள். லயத்தில் ஒரு வரிசை போயிற்று, கோயில் போயிற்று, பள்ளிக்கூடத்தில் பாதி போயிற்று. சில வீடுகளில் ஆளும் போனது. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனம் வராது. வேறு மாதிரி எழுதவும் வராது, விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டைத் தோண்டினார்கள். அண்ணாச்சி கோயில் இருந்த இடத்தைத் தோண்டினார். பிரசங்கபீடம் போன இடம் தெரியவில்லை, மணி போன இடம் தெரியவில்லை. அசனத்துச் செம்பு அண்டாக்கள் மட்டும் கனத்தில் நகராமல் சேற்றுக்குள் குப்புறக் கிடந்தன. அவற்றைத் தோண்டியெடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்த பிறகுதான் தன் வீடு என்ன ஆயிற்று என்று கேட்டார். மதினி அவரோடு சில நாள் பேசவில்லை. பேசாமல் எப்படி இருக்க முடிந்தது என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஏலக்காய் ஸ்டோருக்கு மாறியது. அது காயை உலர்த்துவதற்குக் கட்டிய அறை. ஜன்னல் கிடையாது, தரைக்கு மேலே சூட்டுக்குழாய் ஓடும். வியர்த்து ஒழுகி, ஏலக்காய் மணக்க மணக்கப் பாட்டுப் பாடினோம். ஐயர் வருகிற வாரம் பிரசங்கம் நீண்டுபோனால் அண்ணாச்சி மெல்ல எழுந்து வெளியே போய் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு வருவார். கொஞ்ச நேரத்தில் ஐயர் அங்கியின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு, “ஆகவே பிரியமானவர்களே” என்று முடிவுக்கு வந்துவிடுவார். அவ்வளவு கச்சிதமான பிரசங்கங்களை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

ஆனால் வாரத்துக்கு வாரம் பாட்டுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. வீடும் இல்லை, கோயிலும் இல்லை, இங்கே எதற்கு என்று ஜனம் ஊர்ப்பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. சபைக் காரியங்களைக் கவனித்துவந்தவர் எஸ்டேட் கங்காணி. முன்கோபக்காரர், ஆனால் நியாயமான மனிதர். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்தார்.

“இனி இழுத்துப் பிடிச்சிப் பிரயோசனமில்ல. வார சனிக்கெழம கடைசியா ஒரு அசனம் வைப்போம். கீழேருந்து வந்த நிவாரண அரிசில அரை மூட்டையப் பொங்குவோம். மிச்ச மூட்டையள வீட்டுக்கு வீடு பிரிச்சிக்கிடுவோம். அதுக்கு அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம ஐயர் வந்து ஜெபிச்சதும் அவுங்கவுங்க ஊரப் பாத்துக் கெளம்ப வேண்டியதுதான்.”

பின்னாலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டது.

“அரை மூட்டையா? அது எப்படி வே?”

“எப்படின்னா? ஒரு மூட்டைல பாதி.”

“பாதின்னா எனக்கு உப்பு தெரியாதே. தண்ணி தெரியாதே.”

“தெரியாட்டா பழகும். இருக்கது இம்புட்டுப் பேருதான்” என்று கங்காணி முடித்துவிட்டார். ‘இருக்கது இம்புட்டுப் பேருதான்’ என்று கேட்டதும் அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியதைக் கண்டு நாங்கள் எல்லோரும் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் நான் ஸ்டோருக்குப் போனபோது முற்றம் முழுக்கப் பாய் விரித்திருந்தது. பாய் முழுக்கச் சோறு. இடுப்பளவு குவிந்து, ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் மூன்று அண்டாவில் பூசணிக்காய் போட்ட பருப்புக்குழம்பு. அண்ணாச்சி துடுப்பும் கையுமாக, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக நின்றார். உள்ளே மூட்டைகள் அடுக்கியிருந்த மூலையில் காலிச் சாக்குகளை நீட்டாக மடித்து வைத்திருந்தார்.

கங்காணி வந்தார். சோற்றைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன வே செஞ்சி வச்சிருக்கீரு? அத்தன மூட்டையுமா?”

“அரை மூட்டைதான் போட்டேன் வே. ஒல என்னையப் பாத்து முழிச்சிது. எடம் கெடக்கேன்னு இன்னுங் கொஞ்சம் போட்டேன். அப்பமும் கெடந்துது.”

“ஏ பாவி மனுஷா! ஊருக்குக் கொண்டுபோவ வச்சிருந்த அரிசிலா அது! பிள்ளையளுக்கு நாளைக்கு என்னத்தக் குடுக்க?”

மதினி வந்து தலையில் அடித்துக்கொண்டார். “அண்டாவத் தோண்டுனப்பமே நெனச்சேன்.” எனக்கும் வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, “சோறு ஆறிரும் டீச்சர், பந்தியப் போடுங்க” என்றார்.

போட்டோம். எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் குவியலில் ஒரு பள்ளம் விழுந்ததே தவிர, சோறு குறையவில்லை. ஜெபித்துப் பரிமாறிய அசனச் சோற்றைக் கொட்டக் கூடாது. புதைக்கவும் கூடாது. சாயங்காலத்துக்கு மேல் தாங்கவும் தாங்காது. கங்காணி தாடையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, “வீட்டுல இருக்க பாத்திரத்தப் பூராக் கொண்டு வாங்க” என்றார்.

வெண்கலப் பானை, போணி, குத்துச்சட்டி, குளிக்கிற வாளி, கல்யாணச் சீராக வந்த தூக்குச்சட்டி, எல்லாம் வந்தது. வெள்ளத்தில் மிச்சமானதே அவ்வளவுதான். பெண்கள் எல்லாம் தலைச்சுமையாகக் கிளம்பினோம். சோறு கீழ் லயத்து முருகன் கோயில் தெருவுக்குப் போயிற்று. ராவுத்தர் டீக்கடைக்குப் போயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கம் குடியேறியிருந்த மலையாளத்துக் குரியச்சன் வீட்டுக்கும் போயிற்று. வேலித் தகராறில் கங்காணியும் குரியச்சனும் முகம் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. வெள்ளத்தில் வேலியும் போய்விட்டதால் தகராறுக்கும் அங்கே வேலை இல்லை. அவர்கள் பக்கமும் வெள்ளம் புகுந்த வீடுகள்தான். வயிறாரச் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில்தான் வேடிக்கை ஆரம்பித்தது. ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் எந்த ஜாதிக்காரருக்கும் எந்த மதத்துக்காரருக்கும் ஆகாத காரியம். ராவுத்தர் என் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பாதிக்கு ஆணி.

“என்ன பாய், ஆணியா?”

“வெறும் வாளியக் குடுத்தா வீட்ல வைய்வாக டீச்சர். கடைல சீனி தீந்து போச்சு. பலகை அடிச்ச ஆணிதான் மிச்சம். கோயிலு கட்டுறதுக்கு ஆகாதா?”

முருகன் கோயில் தெருவிலிருந்து வெண்கலப் பானை நிறைய மரச்சீனிக் கிழங்கு வந்தது. கூடவே நாலு கட்டு கூரைப்புல் வந்தது, பானைக்குள் அது அடங்காது என்பதால் தனியாக. தூக்குச்சட்டியில் ஒரு அடைகோழி உட்கார்ந்தபடியே வந்தது. குரியச்சன் போணியில் அரிசியோடு ரம்பம் ஒன்றைச் செருகிக்கொண்டு, இரண்டு ஆட்களோடு கங்காணி முன்னால் வந்து நின்றார்.

“பாத்ரம் காலியாயிட்டுக் கொடுக்கரெதென்னு பெண்ணுங்ஙள் பறஞ்ஞு. மூங்கில் எவிடெயா வெட்டண்டது?” வெறும் பாத்திரத்தைத் தரக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் சொன்னார்களாம், மூங்கில் எங்கே வெட்டுவது என்று கேட்டார்.

கங்காணி போணியிலிருந்த ரம்பத்தை உருவி எடுத்துக்கொண்டார். பிறகு, “வாரும், காட்டுதேன்” என்று முன்னால் நடந்தார்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஊருக்குக் கிளம்ப வேண்டிய வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனால் பாத்திரம் வந்து சேராமல் எந்தப் பெண்பிள்ளையும் நகர்வதாக இல்லை. “எங்கம்மா குடுத்த பானை வராம நான் மலையெறங்க மாட்டேன்” என்று ஒருத்தி. பானை வந்தால் அதோடு ஊருக்குக் கொண்டுபோக முடியாத எதுவோ வந்தது. கோழி முட்டையில் உட்கார்ந்திருக்கிறது, எப்படிக் கிளம்புவது? குரியச்சன் ஆள் கூரைமேல் நிற்கிறான், அவனைப் பாதியில் விட்டுவிட்டு எப்படிப் போவது? வந்த அரிசியையெல்லாம் அண்ணாச்சி வாங்கி வேலைக்காரர்களுக்குப் பொங்கிப் போட்டார். அளவு குறைத்தாரா என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் மலையேறி வந்தார். பழைய இடத்திலேயே மூங்கில் கால் நட்டு, பாதிக்குக் கூரை வேய்ந்திருந்தோம். மீதிப் பாதியில் வெயில். ஆராதனை நடந்தது. முடிவில் அவர் பிரயாணம் போகிறவர்களுக்காக ஜெபிக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி ஊரைவிட்டுப் போகிறவர்கள் எழுந்து நிற்பார்கள், மற்றவர்கள் தலைகுனிவார்கள்.

“இந்த மலையைவிட்டுப் போகிற சகோதர சகோதரிகள் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்றார் ஐயர். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

யாரும் எழவில்லை. கங்காணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த அமைதியில் கடைசி வரிசையிலிருந்து ஒரே ஓர் ஆள் எழுந்து நின்றார். அண்ணாச்சி.

“நீங்களா அண்ணாச்சி? நீங்களா போகிறீர்கள்?” என்றார் ஐயர்.

“நான் எங்க ஐயரே போவேன்? அடுப்புல அரிசி கெடக்கு. போயி ஒரு கிண்டு கிண்டிட்டு வந்துருதேன்.”

சபை சிரித்தது. வெள்ளத்துக்குப் பிறகு அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான். கங்காணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அண்ணாச்சி, என்னமோ தப்பாகச் சொல்லிவிட்டோம் போல என்று திருதிருவென்று எங்களைப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பார்க்க ஓடினார். அவர் திரும்பி வரும்வரை ஐயர் ஆசீர்வாதம் சொல்லவில்லை. நாங்கள் யாரும் அவசரப்படவும் இல்லை. எங்களில் ஒருவருக்குக்கூட வேறு எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை.