முழங்காலுக்குப் பூசிய காட்டிலை

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று ஒரு பழமொழி உண்டு. அந்தக் கணக்கில் நான் அரைக்கால் வைத்தியன்கூடக் கிடையாது. நான் தீர்த்துக்கட்டியது மொத்தம் இரண்டு முழங்கால்கள். இரண்டும் ஒரே ஆளுடையவை. தன் பெண்ணை எனக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று அந்த ஆள் அப்போது யோசித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இருபத்தெட்டு வயது. பட்டர்வொர்த்தில் ஓர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. தினமும் ஃபெரியில் போகும்போது ஒரு மூலிகை வீடியோ, திரும்பும்போது ஒரு மூலிகை வீடியோ. நான் படித்த மருத்துவக் கல்லூரி இதுதான். பேசியவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டு மலைகளில் நின்று பேசினார்கள். நான் இருந்ததோ பினாங்கில். ஊருக்கு ஊர் செடி மாறும் என்கிற சின்ன விஷயம் என் மண்டையில் உதிக்கவேயில்லை. இந்த ஊர்க் காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், தொங்காட் அலி வேர் கலந்த காப்பிப் பொட்டலத்தின் பின்பக்கம் அச்சடித்திருந்தது மட்டுமே. ஆனாலும் அலுவலகத்தில் யாராவது தும்மினால் போதும், கஷாயத்தோடு போய் நிற்பேன். (என்னைக் கண்டதும் தும்மலை விழுங்கியவர்கள் உண்டு.)

நான் விரும்பிய வதனியின் அப்பா ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, யாழ்ப்பாண வழி. என் அப்பா சுங்கை பாக்காப் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். இந்த வித்தியாசத்தை அங்கிள் (வதனியின் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். பதில் சொல்வதற்கு முன் ஆளை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலை நடைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க வாய மூடிட்டு நடந்தா போதும் லா. எதையும் வெளக்க வேணாம்," என்றாள் வதனி.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன்.

தண்ணீர்மலைப் பக்கம் காட்டுப் பாதையில் அரை மணி நேரம் ஏறியிருப்போம். அங்கிள் ஒரு பாறையில் உட்கார்ந்து அரைக்கால்சட்டைக்குக் கீழே முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார். "மூட்டுப் பிடிச்சிட்டுது தம்பி. பழைய வருத்தம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக நினைத்தேன். பாதையோரத்து மரமொன்றில் மாவிலை போலவே இலைகள். "இது காட்டுமா, அங்கிள். எலைய கசக்கிப் பூசுனா வலி பறந்துரும்." எந்த வீடியோவிலும் யாரும் இப்படிச் சொன்னதில்லை. என் வாய் தானாகச் சொல்லியது.

அந்த நேரம் பார்த்து, கூடை நிறையப் பாக்கு என்கிற பெரணிக் கீரை பறித்துக்கொண்டு ஒரு மலாய் அம்மாள் இறங்கி வந்தார். மரத்தருகே வந்ததும் தலையைக் குனிந்து, "தோக், தும்பாங் லாலு," என்றார். தாத்தா, இப்படிப் போய்க்கொள்கிறேன் என்று மரத்திடம் அனுமதி. அப்புறம்தான் கிளையில் இருந்த என் கையைக் கண்டார்.

"ரெங்காஸ் லா, டிக்! ஜாங்கான் பெகாங்!"

இது ரெங்காஸ் மரம், தொடாதே தம்பி என்கிறார். மரத்தடியில் நிற்பவன்மேல் மழைநீர் சொட்டினாலே தோல் வெந்துவிடும், கோபக்காரத் தாத்தா, அதனால்தான் சொல்லிக்கொண்டு விலகிப் போகிறோம் என்று பொறுமையாக விளக்கவும் செய்தார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "எல்லாம் மூடநம்பிக்கை, அங்கிள். இவங்களுக்கு மரத்த பாத்தாலே பேயி. நம்மளுது சயன்ஸ்," என்றேன். அந்தக் காட்டிலேயே கீரை பறித்து வளர்ந்தவரைப் பற்றி, ஃபெரியில் படித்த விஞ்ஞானி சொன்ன தீர்ப்பு அது.

காம்பிலிருந்து கசிந்த பால் விரலில் பட்டுக் கறுத்தது. "பாத்தீங்களா கறுக்குது? அதான் சத்து." இரண்டு முழங்கால்களிலும் வட்டவட்டமாகத் தேய்த்தேன். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு, "குளிர்மையாக் கிடக்கு," என்றார். இறங்கும்போது முதல்முறையாக என் தோளைப் பிடித்து நடந்தார். பத்திரிகை எங்கே அடிக்கலாம் என்றுகூட நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை என் விரல்கள் பிசாங் மாஸ் வாழைப்பழச் சீப்பைப் போல வீங்கியிருந்தன. கொப்புளம் மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்கு ஓடினேன். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு அடுத்த நாற்காலியில் அங்கிள், சாரத்தை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தபால் எடுக்க வாசலுக்கு வருவதென்றாலும் காற்சட்டை மாட்டிக்கொண்டு வருகிற மனிதர் அவர்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். முதலில் சொறிகிறவன் தோற்றான் என்பதுபோல இருவரும் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் கழித்து அவர் சொன்னார்: "சத்து ஏறீட்டுது போல."

டாக்டர் ஒரு சீன அம்மாள். இரண்டு பேருக்கும் ஒரே கொப்புளம் என்பதால் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார். பார்த்த மாத்திரத்தில் ரெங்காஸ் என்றார். "இதை உங்கள் காலில் பூசியது யார்?" என்று மலாயில் கேட்டார்.

வதனி இனி எனக்கில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. அடக்க முடியாமல் அழுகை வந்தது. (கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. கையில்தான் விஷம் இருக்கிறதே.)

அங்கிள் கனைத்தார். முப்பது வருஷம் ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட மனிதர். யாரோ ஒருவன் பறித்த இலைக்கு இரண்டு முழங்கால்களையும் நீட்டினேன் என்று அவர் எந்த வாயால் சொல்வார்?

"மெனாந்து," என்றார். மருமகன்.

டாக்டர், வீட்டு விவகாரமா என்பதுபோலத் தலையாட்டி மருந்து எழுதினார்.

வெளியே வந்ததும், "ரொம்ப தேங்ஸ், அங்கிள்," என்றேன்.

"தேங்ஸ் ஒண்டும் வேண்டாம். டொக்டருக்கு முன்னால சொல்லிப்போட்டன். எங்கட ஆக்கள் பாதிப் பேர் அவவிட்டத்தான் மருந்து எடுக்கிறவை. இனி மாத்திச் சொன்னா மானம் போகும்."

இப்படித்தான் எனக்குப் பெண் கிடைத்தது. மற்றவர்கள் தட்டு மாற்றி நிச்சயம் செய்வார்கள். எங்களுக்கு டாக்டர் சீட்டு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. விருந்துக்கு எங்கே போனாலும் மாமா என்னைக் கூட்டிப்போய்ப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பார். அவர்கள் கை நீட்டுவார்கள், நானும் நீட்டுவேன்.

"என்ட மருமகன்," என்பார். "பயப்பிடாமல் கை குடுங்கோ. பிறகு சோப்புப் போட்டுக் கழுவினாச் சரி."