குப்பாயியின் காலிக் கட்டம்

ஒலிபெருக்கி "கிளியூர் குப்பாயி" என்று ஒரு முறைதான் கூப்பிட்டது. மூன்று பேர் எழுந்து வந்தார்கள்.

மூவரும் ஆளுக்கொரு சாக்கைத் தரதரவென்று இழுத்து வந்து, காபிப் பழத்தின் தோலுரிக்கும் பல்ப்பர் வாசலில் போட்டார்கள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கிறிஸ்துதாஸ் மூன்று சாக்கையும் பார்த்தார், மூன்று முகத்தையும் பார்த்தார், பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுப் பக்கத்து அறை ஜன்னலில் எட்டிப் பார்த்தார். உள்ளே விக்னேஷ் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, உங்க கம்ப்யூட்டர் எத்தன குப்பாயியக் கூப்புட்டுச்சு?"

"ஒருத்தரத்தாங்கண்ணா."

"இங்க மூணு நிக்குதுங்க. மூணும் அசல்."

மலைமேல் தலைச்சோலை என்ற ஊரில் இருக்கும் அந்தக் கொட்டகை, சுற்று வட்டாரத்துச் சிறு காபி விவசாயிகள் குழுவுக்குச் சொந்தம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பல்ப்பர். காலையில் பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரித்துவிட வேண்டும். தங்கிவிட்டால் சாக்குக்குள்ளேயே புளிக்க ஆரம்பித்துவிடும். அதை எந்த வியாபாரியும் மோந்துகூடப் பார்க்க மாட்டான். அதனால் யார் சாக்கு முதலில் போகிறது என்பதில்தான் தினமும் சண்டை. முன்பெல்லாம் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். குலுக்கிய கையின் மேல் சந்தேகம் வந்தது. கை இல்லாத ஒன்று குலுக்கட்டும் என்றுதான் சேலத்திலிருந்து விக்னேஷை வரவழைத்திருந்தார்கள். இந்த அறுவடை முழுக்க முறை தவறாமல் ஓடினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அவன் மலையிறங்க வேண்டியதுதான்.

அவனுக்கு இறங்க மனமில்லை. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து நிரல் எழுதும் சுகம் முன்பு வேலை பார்த்த சென்னையில் கிடைக்கவில்லை.

அவன் செய்திருந்ததும் பெரிய காரியமில்லை. உறுப்பினர் விவரம் முழுவதும் ஒரே கோப்பில் இருந்தது. அதனிடம் கேள்வி கேட்க ஒரு சின்ன லைப்ரரி. முதல் வரி கோப்பைத் திறக்கும். இரண்டாவது வரியில் எஸ்க்யூஎல் என்ற கணினி மொழியில் கேள்வியை மேற்கோள் குறிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வரியில் பதில் வந்துவிடும். தனியாக சர்வர் கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது.

"நாம என்ன கேட்டமோ அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணா. என்ன நெனச்சுக் கேட்டோம்னு பாக்காது" என்று கிறிஸ்துதாசுக்கு விளக்கியிருந்தான்.

"எங்க எஸ்டேட் மேஸ்திரி இப்படித்தான் இருந்தாரு" என்றார் அவர்.

மூன்று குப்பாயிக்குத் தீர்வு சுலபம், ஆளுக்கு ஓர் எண் கொடுத்தால் முடிந்தது என்று விக்னேஷ் நினைத்தான். குழுத் தலைவர் அங்கப்பன் அதைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கரடியூர்க்காரர். இளமையில் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அங்கே காலை ஆஜரில் பேர் கிடையாது, எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். குழு ஆரம்பித்த அன்றைக்கே யாரையும் எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டார்களாம். வேண்டுமானால் ஆண்களுக்கு அப்பா பேர், பெண்களுக்கு வீட்டுக்காரர் பேர் சேர்த்துக்கொள்ளட்டும் என்றார். அதில் இன்னொரு லாபமும் அவருக்குத் தெரிந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளில் ஒரு முறைதான் என்பது விதி. ஒரே வீட்டு ஆட்கள் தனித்தனியாக வந்து நின்றால் அதையும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடுமல்லவா?

விக்னேஷ் அன்றே கோப்பில் அந்தப் பேருக்கென்று ஒரு கட்டம் சேர்த்தான். விதிக்கும் ஒரு வரி எழுதினான்: ஒரே வீட்டுக்காரர் பேர் மறுபடி வந்தாலோ, அந்தப் பேரில் ஓர் ஆண் வந்தாலோ, ஒரே குடும்பம்.

ஆண்கள் வரிசையில் வந்து அப்பா பேரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கிளியூர்ப் பெண்கள் வந்தபோதுதான் தடங்கல். மூன்று குப்பாயிகளில் மூத்தவர், பலாமரத்தடித் தோட்டத்துக்காரர், முதலில் வந்து நின்றார்.

"ஊட்டுக்காரர் பேருங்கம்மா?"

குப்பாயி தரையைப் பார்த்தார். சேலைத் தலைப்பைத் திருகினார். பின்னாலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

விக்னேஷுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கணவன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம். படித்திருக்கிறான், இப்போதுதான் நேரில் பார்க்கிறான். அதைப் புரிந்துகொண்ட தன் பக்குவம் அவனுக்கே பிடித்திருந்தது. "பரவால்லீங்கம்மா, சங்கடப்பட வேணாம்" என்று சொல்லி அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டான். அடுத்து வந்த கலாவும் தரையைப் பார்த்தாள். வயது இருபத்தைந்துதான். கையில் புது மாடல் போன் வைத்திருந்தாள்.

ஒருவர் மட்டும் சொன்னார். இரண்டாவது குப்பாயி. "பொன்னுசாமி" என்றார், தயங்காமல். போன மழைக்கு முந்திய மழையில் கணவர் தவறிவிட்டார் என்றும் சொன்னார்.

"எழுதிட்டியா சாமி? ஒருக்காப் படிச்சுக் காட்டு."

படித்துக் காட்டினான்.

"இன்னொருக்கா."

இரண்டாம் முறை அவன் கொஞ்சம் நிதானமாகப் படித்தான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வழக்கம் இறந்தவர்களைக் கட்டுப்படுத்தாது போலிருக்கிறது என்று விக்னேஷ் மனத்தில் குறித்துக்கொண்டான்.

மறுநாள் பொன்னுசாமி மனைவி குப்பாயியைத் தவிர கிளியூர்ப் பெண்கள் ஒருவரையும் ஒலிபெருக்கி கூப்பிடவில்லை. ஆண்கள் சாக்கெல்லாம் போய்விட்டது. பெண்கள் தங்கள் சாக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பனி இறங்கும் நேரத்தில் கிறிஸ்துதாஸ் தாமாகவே அவர்கள் பழத்தை இயந்திரத்தில் கொட்டினார். அடிச்சாக்கில் ஏற்கெனவே புளித்த வாடை.

விக்னேஷ் தான் தங்கியிருந்த இடத்துக்குப் போகாமல் காரணத்தைத் தேடினான். கோப்பில் அவர்கள் இருந்தார்கள். அன்றைய வரவுப் பட்டியலிலும் இருந்தார்கள். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் இடத்தில்தான் காணாமல் போனார்கள். பேர் பேரோடு பொருந்தியது, ஊர் ஊரோடு பொருந்தியது, காலிக் கட்டம் காலிக் கட்டத்தோடு பொருந்தவில்லை. சோதித்துப் பார்க்க ஒரே வரியில் கேட்டான்: ஒன்றுமில்லாததும் ஒன்றுமில்லாததும் சமமா? சமம் என்றும் அது சொல்லவில்லை, சமமில்லை என்றும் சொல்லவில்லை. பதிலாக இன்னொரு காலியைத் தந்தது. வேலை போகிற நேரத்திலும் அவனுக்கு அது வியப்பாக இருந்தது.

"ரெண்டு காலிச் சாக்கு வெச்சா ரெண்டும் ஒன்னுதானுங்களே?" என்றார் கிறிஸ்துதாஸ்.

"காலிச் சாக்கு இல்லீங்கண்ணா. கட்டிப்போட்ட சாக்கு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. தெரியாத ரெண்டச் சமம்னு எப்படிச் சொல்றது?"

கிறிஸ்துதாஸ் தலையாட்டினார். "நியாயந்தானுங்க. ஆனா பழம் புளிச்சுருச்சே."

விக்னேஷ் காலிக் கட்டங்கள் எல்லாவற்றிலும் "தெரியாது" என்று ஒரு சொல்லை நிரப்பினான். இனிமேல் பொருந்தும்.

பொருந்தியது. மறுநாள் மதியம் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கி தெளிவாக அறிவித்தது: "கிளியூர். தெரியாது அவர்களின் மனைவி குப்பாயி."

ஆண்கள் பக்கம் ஒருவர் டீயைத் துப்பினார். பலாமரத்துக் குப்பாயியும் மூன்றாவது குப்பாயியும் சேர்ந்து எழுந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இருவரும் உட்கார்ந்தார்கள். அதோடு போகவில்லை. கலாவைக் கூப்பிடவில்லை, மற்றவர்களையும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் வீட்டுக்காரர் "தெரியாது" என்றால் எல்லோரும் ஒரே குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு முறை. விதி வரி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

"ஏனுங்க, பத்துப் பொம்பளைங்களையும் ஒரே ஆளுக்குக் கட்டி வெச்சுட்டீங்களே" என்றார் கிறிஸ்துதாஸ்.

அன்றைக்கும் அவர்கள் பழம் கடைசியில்தான் போனது. வாடை வெளியிலேயே வந்தது. பலாமரத்துக் குப்பாயி ஜன்னலருகே வந்து நின்றார்.

"கண்ணு, நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா இந்த வருசப் பழம் நாசந்தான். புருசன் தோட்டத்துல பொறுக்குனது இல்ல, எங்காத்தா எனக்குக் குடுத்த நெலம். மொத வருசம் இப்பத்தான் காச்சிருக்குது."

"உங்களால பேரச் சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியுதுங்கம்மா. ஜாடையாச் சொல்லுங்க. நான் புரிஞ்சுக்கறேன்."

குப்பாயி பின்னாலிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைத் தொட்டுக் காட்டினார். அங்கிருந்து தண்ணீர் வழிவதுபோல் கையால் காட்டினார்.

"தலை... தண்ணி... கங்கை? கங்காதரனுங்களா?"

குப்பாயி புன்னகைத்துக் குனிந்துகொண்டார். விக்னேஷ் தட்டினான். மூன்றாவது குப்பாயி சேவலைக் காட்டினார். அவன் முருகேசன் என்றான். கலா ஜன்னல் வழியாக மலையைக் காட்டினாள். அண்ணாமலை. ஒவ்வொரு பேருக்கும் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்பு கேட்டது. வெட்கம் என்று எடுத்துக்கொண்டான். கடைசிக் கட்டமும் நிரம்பியபோது ஒரு பெரிய பரீட்சை எழுதி முடித்த நிறைவு இருந்தது அவனுக்கு.

மறுநாள் அங்கப்பனும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கிளியூர். கங்காதரன் அவர்களின் மனைவி குப்பாயி."

குப்பாயி சாக்கை இழுத்துக்கொண்டு எழுந்தார். ஜீப்பின்மேல் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் பீடியைக் கீழே போட்டார்.

"எவன்டா அவன் கங்காதரன்?"

அவர்தான் குப்பாயியின் கணவர், பேர் சடையன். ஒலிபெருக்கிக்கு அது தெரியாது. "கிளியூர். அண்ணாமலை அவர்களின் மனைவி கலா" என்று அடுத்ததைக் கூப்பிட்டது. கலாவின் கணவன் சிவக்குமார் எழுந்தான். முருகேசன் பேர் வந்தபோது இன்னும் ஒருவர் எழுந்தார். அதற்குப் பிறகு ஒலிபெருக்கி சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். கங்காதரன் எந்த ஊர்க்காரன், எந்த வண்டியில் வருகிறான் என்றெல்லாம் சடையன் விக்னேஷின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார். அப்படி ஓர் ஆளே இல்லை, சிவன் தலையில் கங்கை இருப்பதால் வந்த வினை என்று விளக்கியது நிலைமையை மேலும் கெடுத்தது.

அங்கப்பன் அங்கேயே கூட்டம் போட்டார்.

"கம்ப்யூட்டர் வேண்டாம், பழையபடி சீட்டே போதும்கறவங்க கையத் தூக்குங்க."

கிளியூர் ஆண்கள் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். மற்ற ஊர்களிலும் பல கைகள் எழுந்தன. விக்னேஷ் மடிக்கணினியை மூடி ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். சேலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கிறிஸ்துதாஸிடம் கேட்டான்.

"வேணுங்கறவங்க?"

பெண்கள் பக்கத்தில் ஒரு கை விடாமல் எல்லாம் எழுந்தன. எவர் பழம் புளித்ததோ, எவர் மானம் ஒலிபெருக்கியில் போனதோ, அவர்கள்தான். ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உறுப்பினர் என்றால் எல்லோரும் உறுப்பினர்தான். எண்ணிப் பார்த்தபோது வேண்டும் என்ற பக்கம் அதிகமாக இருந்தது.

மூத்த குப்பாயி எழுந்து நின்று ஒரு யோசனை சொன்னார். தம்பி மேல் தப்பில்லை, அந்தப் பேர்க் கட்டம்தான் வம்பு. அதை எடுத்துவிட்டு, தோட்டத்தில் என்ன நிற்கிறதோ அதை வைத்துக் கூப்பிடலாம். அவர் பலாமரத்துக் குப்பாயி. பொன்னுசாமி மனைவி பாறைமேட்டுக் குப்பாயி. இன்னொருவர் ஓடைக்கரைக் குப்பாயி. ஆண்களுக்கும் அப்படியே.

"எடுங்க தம்பி, மொதல்ல அந்தக் கட்டத்த எடுங்க" என்றார் அங்கப்பன். "நாளைக்கு எங்கூட்டுக்காரிய எவன் பேரோட சேத்துக் கூப்புடுமோ."

விக்னேஷ் கட்டத்தை எடுத்தான். அதை நம்பி நின்ற விதி வரியையும் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தான். ஒயரைத் திரும்பச் செருகியதும் ஒலிபெருக்கி பலாமரத்துக் குப்பாயியைக் கூப்பிட்டது. ஒரே ஒருவர் எழுந்தார். அடுத்து மேட்டுக்காட்டுச் சடையனைக் கூப்பிட்டது. அவரும் ஒரே ஒருவர்தான். பொழுது சாய்வதற்குள் கடைசிச் சாக்கும் தோலுரிந்து தொட்டியில் இறங்கியது. கிறிஸ்துதாஸ் ஒரு கை கொட்டையை அள்ளி மோந்து பார்த்துவிட்டு விக்னேஷிடம் நீட்டினார். துளி வாடை இல்லை.

வெளியே கிளியூர் ஜீப் புறப்படத் தயாராக நின்றது. குப்பாயி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கொட்டகைப் பக்கம் திரும்பி, மலை எதிரொலிக்க ஒரு சத்தம் போட்டார்.

"யோவ் சடையா! ஒஞ்சாக்கு எஞ்சாக்கு ரெண்டையும் எடுத்துட்டு வெரசா வா!"

விக்னேஷ் வாசலிலிருந்து இறங்கி வந்தான். பிறகு ஜீப் பக்கத்தில் போய், ஊட்டுக்காரர் பேரைச் சொல்லக் கூடாதென்று வழக்கம் இல்லையா என்று மெதுவாகக் கேட்டான்.

"கம்ப்யூட்டருக்குச் சொன்னா ரெண்டு பேரும் ஒரே ஊடுன்னு கண்டுபுடிச்சு, அந்தாளு சாக்கோட நிறுத்திப்போடுமே கண்ணு" என்றார் குப்பாயி. "மத்தபடி அந்தாள நான் பேரு சொல்லாம எப்பக் கூப்புட்டேன்?"