ஷர்மினியின் குரல் மட்டும்

இந்தத் தீபாவளிக்குள் தன் பெயரில் ஒரு பாட்டு வெளிவந்தே தீர வேண்டும் என்று தனேஸ்வரன் முடிவெடுத்தான். பெயர் தயார். கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோ தயார். பாட்டு ஒன்றுதான் பாக்கி.

பகலில் அவன் ஈப்போ முழுக்க வீடு வீடாக ஏர்கான் இயந்திரம் கழுவுகிறவன். மாலையானால் புந்தோங் வீட்டுப் பின்னறையில் இசையமைப்பாளன். கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு செயலி போட்டிருந்தான். பாட்டைக் கொடுத்தால் அக்கக்காகப் பிரித்துத் தரும். பிடித்த துண்டை வெட்டிப் புதுப் பாட்டுக்குள் ஒட்டிக்கொள்ளலாம்.

"எந்தப் பாட்டா இருந்தாலும் பிரிச்சிடும் ஷர்மினி! குரல் தனி, டிரம் தனி, கீபோர்டு தனி!"

"அப்படியா? துவைச்ச துணியெல்லாம் மூட்டையா கெடக்கு. அதையும் கொஞ்சம் பிரிச்சிடச் சொல்லுங்க."

துணி மடித்துவிட்டு, ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் நண்பன் பிச்சைமுத்துவுக்குப் போன் போட்டான்.

"அடுத்தவன் பாட்டுல வெட்டுனா மறுநாளே நெட்லேருந்து தூக்கிடுவான் மச்சான். சொந்தப் பாட்டு ஒன்னும் இல்லையாலா?"

ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன் கோப்பெங்கில் அவனும் ஷர்மினியும் ஒரே இசைக்குழுவில் இருந்தார்கள். அவன் கீபோர்டு. அவள் பாடகி. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்ட பாட்டு அது. யார் கல்யாணத்திலோ பாடியதை ஒரு சிடியில் பதிந்து வைத்திருந்தார்கள். அதில் இரண்டாவது சரணத்தில் ஒரு இடத்தை ஷர்மினி இழு இழு என்று இழுத்திருப்பாள். 'தாளத்தை விட்டுட்டா' என்று தனேஸ்வரன் வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கல்யாணத்துக்குப் பிறகு அவளைக் கச்சேரிக்குக் கூப்பிட்டபோது, "ஒரு வீட்டுக்கு ஒரு கலைஞர் போதும்" என்று சொன்னவனும் அவன்தான். அவள் மறுபேச்சில்லாமல் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அவன் காதுபட ஒரு வரி முணுமுணுத்ததுகூட இல்லை.

கேட்டால் தரமாட்டாள். சொல்லாமல் எடுக்க வேண்டியதுதான்.

"ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணலாம்னு இருக்கேன்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனதும் ஸ்டோர் ரூமிலிருந்து சிடியை எடுத்து வந்து பிரிக்கப் போட்டான். ஹெட்போனை மாட்டினான்.

டிரம் போயிற்று. கூட்டத்தின் சத்தமும் போயிற்று. பல்லவிக்கு முன் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு பாடினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தவன் அவன். இந்தக் குரலை இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அப்போதெல்லாம் தன் விரல்களை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்த இழுவை வந்தது. கீபோர்டை மட்டும் தனியாக ஓடவிட்டான்.

அந்த இடத்தில் கீபோர்டைக் காணோம். கொஞ்சம் கழித்துத் தப்பான கட்டை ஒன்று. இன்னொரு தப்பு. அப்புறம்தான் சரியான கட்டை. அது வந்த பிறகே அவள் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தாள்.

தாளத்தை விட்டவள் அவள் இல்லை. வழி தவறிப் போனவன் வந்து சேரும்வரை, மூச்சு முட்ட, காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பதிலுக்கு அவன் அவள் பாட்டையே நிறுத்தியிருக்கிறான்.

அவள் திரும்பி வந்ததும் ஓடிப்போய்க் கூடையை வாங்கினான்.

"ஷர்மினி, அந்த ரெண்டாவது சரணத்துல…"

"நீங்க கட்டையத் தேடிக்கிட்டு இருந்தீங்க."

"தெரியுமா?"

"பக்கத்துல நின்னு பாடுனவ நான்தானே."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தீங்களே. நடுவுல நான் என்னத்தப் பேசுறது?"

"தப்புதான்மா. உன்னை நான் நிறுத்தியிருக்கக் கூடாது. மறுபடி பாடு. இந்தக் குரலை வெச்சு ஒரு பாட்டு பண்றேன்."

"பண்ணுங்க. பாட்டு, மெட்டு, குரல் எல்லாத்துக்கும் என் பேரு போடணும்."

"சரி. என் பேரு?"

"உங்க வாசிப்பைத்தான் பிரிச்சு வெளிய எடுத்துட்டீங்களே."

நியாயம்தான். தலையை ஆட்டினான். கறுப்புக் கண்ணாடி போட்டோ கண்முன் வந்து போனது.

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்னவோ போலிருந்தது. "வருத்தப்படாதீங்க. அதை நான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று போனை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். அதே கீபோர்டு. தனியாக. தடவித் தடவி.

"அலமாக்! நீயும் பிரிச்சியா?"

"நீங்க வேலைக்குப் போனப்ப, உங்க கம்ப்யூட்டர்லதான்."

தனேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நடந்தும், தன் வாசிப்பை மட்டும் எடுத்துப் போனில் வைத்திருக்கிறாளே!

"நீங்க கூப்பிட்டா அடிக்கிற ரிங்டோன் இதுதாங்க."

"என் ஞாபகமா வெச்சிருக்கியா?"

"ஞாபகமா? கேட்டதும் பாய்ஞ்சு எடுத்துடுவேன்ல. கிளினிக்ல காத்திருக்கிற நோயாளிங்களே, 'அக்கா, சீக்கிரம் எடுத்துடுங்கலா, முடியல'ங்கிறாங்க."