முதலாளிக்குச் சம்பள உயர்வு கேட்டவள்

ஸ்கார்விக்,
மார்ச் மாதம், பட்டறை அலுவலகத்திலிருந்து

பேரன்புள்ள அக்கா போர்கில்டுக்கு,

தம்பி ஆர்ன்ஃபின் எழுதிக்கொள்வது. இங்கே நான், பட்டறை, ஓட்வார், பனி எல்லாரும் நலம். பனி மட்டும் கொஞ்சம் கூடுதல் நலத்தோடு இருக்கிறது. அங்கே உன் முழங்கால் வலி தேவலையா என்று அறிய ஆவல். தொலைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நான் ஒன்றைத் தொடங்கினால் நீ உடனே அதற்குத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறாய், நடுவில் உள்ளதைச் சொல்ல எனக்கு வழியே இருப்பதில்லை. ஆகையால் பொறுமையாகப் படித்து, கடைசியில் உள்ள வேண்டுகோளுக்கு வந்து, சரி என்று மட்டும் சொல்.

பட்டறைக்கு இன்னொரு மெக்கானிக் வேண்டும். அப்பா காலத்திலிருந்து இருக்கும் ஓட்வார் இப்போது படகு எஞ்சினுக்குள் குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் தேவைப்படுகிறது, அந்த ஆள் நான்தான். ஈஸ்டர் முடிந்ததும் ஊரே படகைத் தண்ணீரில் இறக்கப் புறப்பட்டு வரும். போன வருடம் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினேன், அவர்கள் நேராக அக்கரையில் உள்ள பெரிய கடைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கடைக்காரர்கள் நம் பட்டறையை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருப்பது உனக்குத் தெரியும். இந்த வசந்தத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அப்பாவின் பட்டறையை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

விளம்பரம் கொடுத்தேன். டீசல் எஞ்சினில் அனுபவம், மின் மோட்டாரில் பயிற்சி, கனமானதைத் தூக்கும் உடம்பு, காலையிலேயே சிரித்த முகம், சம்பளம் பேசித் தீர்மானிக்கப்படும் என்று எழுதியிருந்தேன். ஓட்வார் அதை வாசித்துவிட்டு, "தம்பி, இதுல ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. நானே மனுப் போட்டா நீ எடுக்கமாட்ட போலிருக்கே" என்றான். வந்தது ஒரே ஒரு மனு. பெயர் ஹெர்டிஸ், முப்பது வயதிருக்கும். வடக்கே மீன்பண்ணைப் படகுகளில் டீசல் எஞ்சின் பார்த்தவள், கணவனுக்கு நம் ஊர்ப் பள்ளியில் வேலை கிடைத்ததால் இங்கே குடிவந்திருக்கிறாள். மின் மோட்டார் தெரியாது, கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்வேன் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தாள். தெரியாததை மனுவில் எழுதுகிறவளை நம்பலாம் என்று எனக்குப் பட்டது.

ஆனால் என்ன சம்பளம் சொல்வது? கூட்டிச் சொன்னால் பட்டறை தாங்காது, குறைத்துச் சொன்னால் அவள் வரமாட்டாள். எனவே யார் வருமானத்தையும் எவரும் பார்க்கலாம் என்று சட்டம் இருக்கும் இந்த நாட்டில் எல்லாரும் செய்கிற, யாரும் செய்யவில்லை என்று சாதிக்கிற காரியத்தைச் செய்தேன். வரித்துறையின் இணையதளத்தில் அவள் பெயரைப் போட்டு அவள் வருமானத்தைப் பார்த்தேன். பார்த்தவர் பெயர் பார்க்கப்பட்டவருக்குத் தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா, நன்றாகவே தெரியும். அதற்காகத்தான் நானும் ரொட்டிக்கடை குன்வோரும் பல வருடங்களாக ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். நான் யாரையாவது பார்க்க வேண்டுமானால் அவள் தன் பெயரில் பார்த்துச் சொல்வாள், அவளுக்கு வேண்டியவர்களை நான் என் பெயரில் பார்த்துச் சொல்வேன். அன்றைக்குப் பார்த்து குன்வோர் பல் பிடுங்கப் போயிருந்தாள். ஹெர்டிஸ் மறுநாள் நேர்காணலுக்கு வருவதாக இருந்ததால் எனக்குப் பொறுக்கவில்லை, சொந்தப் பெயரிலேயே பார்த்துத் தொலைத்தேன்.

மறுநாள் அவள் வந்து உட்கார்ந்தாள். நான் காப்பி ஊற்றினேன், வாஃபிள் தட்டை நகர்த்தி வைத்தேன். எஞ்சினைப் பற்றி ஏதாவது கேட்போம் என்று வாயெடுத்தால் அவள் முந்திக்கொண்டாள்.

"நேத்து என்னைப் பாத்தீங்க போல."

"காப்பிக்குப் பால் வேணுமா?" என்றேன்.

"வேணாம். தப்பா எடுத்துக்கல, நானும் பதிலுக்கு உங்களைப் பாத்துட்டேன்" என்றவள், அடிபட்ட பூனைக்குட்டியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "ஆர்ன்ஃபின், நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்கல்ல?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் பட்டறையிலிருந்து எனக்கென்று அதிகம் எடுப்பதில்லை என்பது இதுவரை எனக்கும் கணக்காளருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். பொது இடத்தில் எவரும் பார்க்கும்படிதான் அது இருந்தது, ஆனால் என்னைப் போய் எவன் பார்க்கப்போகிறான் என்று இருந்துவிட்டேன். சம்பளப் பேச்சுக்கே போகாமல் அவள் எழுந்துவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற போக்கில் வாசலில் ஓட்வாரிடம், "உங்களுக்குச் சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டிருக்கிறாள். போதாதா அவனுக்கு, அவனும் என் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டான். மதியம் ரொட்டிப் பொட்டலத்தோடு அலுவலகத்துக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"தம்பி, நீ என்னைவிடக் கம்மியாவா வாங்குற?"

"முதலாளிக்கு வேற கணக்கு, ஓட்வார்."

"என்ன கணக்கு?"

கணக்குப் புத்தகத்தை எடுத்து மூடி வைத்தேன். அவன் சட்டைப் பையில் ஒரு காகிதம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சம்பள உயர்வு கேட்டு எழுதிவைத்திருந்தானாம், அதை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டு, தன் ரொட்டியில் பாலாடைக்கட்டி கனமாக இருந்த பாதியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனான். இருபது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அவன் பாலாடைக்கட்டியை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் விஷயம் ரொட்டிக்கடைக்குப் போய்விட்டது. ரொட்டிக்கடைக்குப் போன விஷயம் தேவாலயத்துக்கும் துறைமுகத்துக்கும் போவதற்கு நடக்கக்கூட வேண்டாம். வரித்துறைத் தளத்தில் என்னைப் பார்த்தவர்களின் பட்டியல் தினமும் நீண்டது. பட்டறைக் கதவில் யாரோ உப்பு மீன் தொங்கவிட்டுப் போனார்கள். பாதிரியார் வந்து, வேலை எதுவும் இல்லாமல், பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். குன்வோர் வீங்கிய கன்னத்தோடு ரொட்டியை நீட்டி, காசை வாங்க மறுத்தாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. உன் பேர்ல எத்தனை பேரைப் பாத்திருப்பேன், உன்னைப் பாக்கணும்னு தோணலையே" என்று வேறு கண்கலங்கினாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொன்னபோது கடையில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும், தங்கள் பட்டியலில் என் பெயர் ஏன் வந்தது என்று புரிந்துகொண்டு, என்னை வேறு மாதிரிப் பார்த்தார்கள்.

இதில் நடந்த ஒரே நல்ல காரியம், எப்போதோ செய்த வேலைக்குப் பணம் தராமல் தெருவில் என்னைக் கண்டால் மீன்சந்தைப் பக்கம் திரும்பிப் போகிறவர்கள் எல்லாம் வரிசையாக வந்து கொடுத்துவிட்டுப் போனதுதான். பிச்சைக்காரன் என்று பெயர் வாங்கிய வாரத்தில் நடந்த வசூல் போல இந்தப் பட்டறையில் என்றைக்குமே நடந்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் ஹெர்டிஸ் திரும்ப வந்தாள். அக்கரைக் கடையிலும் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள், அங்கே போய்விட்டுத்தான் வருகிறாள் என்று தெரிந்து நான் பாதி நம்பிக்கையை விட்டுவிட்டேன். இருந்தாலும் இந்தத் தடவை மறைக்க எதுவும் இல்லாததால் நானே முதலில் தொகையைச் சொன்னேன். நியாயமான தொகைதான், அவள் தலையசைத்தாள். மின் மோட்டார் பயிற்சிக்குப் பெர்கன் நகரத்துக்கு அனுப்புகிறேன், சம்பளத்தோடு, என்றேன். அதற்கும் தலையசைத்தாள். அப்புறம் என் புத்தி போன போக்கு.

"ஆனா பயிற்சி முடிச்சதும் ரெண்டு வருஷம் இங்கேயே இருப்பேன்னு எழுதிக் குடுத்துடணும்" என்றேன்.

"குடுக்கறேன். நீங்க எனக்கு என்ன எழுதிக் குடுப்பீங்க?"

"நான் என்ன எழுதணும்?"

"உங்க சம்பளத்தை ஓட்வார் சம்பளத்துக்காவது ஏத்திக்கிறேன்னு எழுதுங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எங்கப்பா படகுல நான் பாத்தேன். ஒரு குளிர்காலம் மீன் சரியா வரலைன்னு முதல்ல தன் சம்பளத்தை விட்டாரு. அடுத்த வருஷம், கூட வேலை பாத்த எங்க மாமாவோடதுல கைவச்சாரு. அப்புறம் படகே போயிடுச்சு. தனக்கே குடுத்துக்காதவரு எனக்கு எத்தனை நாள் குடுப்பீங்க? நான் வீடு வாங்கி இங்க இருக்கப்போறவ."

"அதுக்குப் பணத்துக்கு எங்க போறதும்மா?"

"வேலைக்கு அக்கரைக்காரங்க வாங்குறதுல பாதிதான் வாங்குறீங்க. கூட்டுங்க. இந்த வாரம் கூட்டினா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓட்வார் குரல் வந்தது. "அதைத்தான் நானும் பத்து வருஷமா நினைக்கிறேன்." நினைத்தவன் சொல்லியிருக்கலாம். அக்கா, வேலை கேட்டு வந்தவர்கள் தங்களுக்குச் சம்பளம் கேட்டுத்தான் நான் பார்த்திருக்கிறேன், எனக்குச் சம்பளம் கேட்டு ஒருத்தி வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. வாஃபிளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். கட்டணத்தைக் கூட்டிப் பலகையும் எழுதிவிட்டேன். அவள் சொன்னது போலவே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, பாதிரியார் மட்டும் இது போதுமா என்று கேட்டார்.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன். என் சம்பளமும் அவள் சம்பளமும் புதுக் கட்டணத்தில் நடந்துவிடும். ஆனால் பெர்கன் பயிற்சிக்கு இப்போதே கட்ட வேண்டும், சீசன் பணம் மே மாதத்துக்குப் பிறகுதான் வரும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பட்டறை லாபத்தில் உன் பங்கை வேண்டாம் என்று நீயாகவே சொல்வாய். இந்தத் தடவை டிசம்பர் வரை காத்திராமல் நானே வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், இந்த வருடப் பங்கையும் விட்டுக்கொடு, அதைப் பயிற்சிக்குக் கட்டிவிடுகிறேன். உனக்கென்ன குறை, நூலகத்தில் வேலை பார்த்த ஓய்வூதியம் வருகிறது, கடனில்லாத வீடு, பூனை ஒன்று, ராணி மாதிரி இருக்கிறாய். ஹெர்டிஸ் திங்கட்கிழமை கையெழுத்துப் போட வருகிறாள். அதற்குள் உன் பதில் வரட்டும்.

உன் முழங்காலுக்கு வெயிலும், பூனைக்குப் பசியும், உனக்கு நல்ல தூக்கமும் ஆண்டவர் அருளட்டும். ஓட்வார் தன் விசாரிப்புகளைச் சொல்லச் சொன்னான், முதுகு இடம் கொடுத்திருந்தால் எழுந்து நின்று சொல்லியிருப்பான்.

என்றும் உன் அன்புத் தம்பி,
ஆர்ன்ஃபின்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், ஊர் அடங்கிவிட்டதா என்று அறிய, என்னைப் பார்த்தவர்களின் பட்டியலை முதல்முறையாக அடிவரைக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாருக்கும் கீழே, டிசம்பரில், வரித்துறை வருமானக் கணக்கை வெளியிட்ட அன்றைக்கே, உன் பெயர் இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம்தான் தொலைபேசியில், பங்குப் பணத்தை வைக்க வீட்டில் இடமில்லை என்று சொல்லிச் சிரித்தாய். வந்த கோபத்தில் நானும் உன் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டேன். அது இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். அக்கா, உன் வருமானம் என்னுடையதையும் விடக் குறைவு. மேலே கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள். பயிற்சிக்கு என் படகை விற்றுக்கொள்கிறேன், அதன் எஞ்சினைப் பார்க்க எனக்கு எப்படியும் நேரம் கிடைப்பதில்லை. இந்த வருடத்திலிருந்து உன் பங்கு உன் கைக்கு வந்து சேரும். ஹெர்டிஸிடம் உடனே தொலைபேசியில் இதைச் சொன்னேன், அவள் அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடச் சொல்லிவிட்டாள். ஆகவே நீ வேண்டாம் என்று சொன்னால் எனக்கு மெக்கானிக் கிடையாது.